முழுசா மடங்காத ஸ்டூல்

முட்டியில இடிக்குதுங்களா தம்பி? மன்னிச்சுக்குங்க. இருங்க, இப்படித் திருப்பி வெச்சுக்கறேன். மேல கம்பியில வெச்சிரலாம், ஆனா டிரைவர் பிரேக் அடிக்கறப்ப யாரு தலையிலயாவது விழுந்துட்டா அது வேற வம்பு. இதுனால ஒருத்தருக்கு அடிபட்டது போதும். தலையில இல்லைங்க, கையில. அது ஒரு கதை.

ஸ்டூலுங்க. மடக்கு ஸ்டூல். பெட்ஷீட்ல சுத்தியிருக்கறதால உங்களுக்கு என்னமோ மாதிரி தெரியுது. கண்டக்டர் கூட 'என்ன பெரியவரே, வீணையா'ன்னு கேட்டுட்டு லக்கேஜ் போடறேன்னான். மடக்கு ஸ்டூலுக்கு எதுக்குப்பா லக்கேஜுன்னேன். 'மடக்குன்னா மடங்கணுமில்ல'ன்னான். அவன் சொன்னதும் நெசந்தான். முன்னாடி நல்லா மடங்குச்சுங்க. செவுத்துல ஆணி அடிச்சு மாட்டினா காலண்டர் தொங்கற மாதிரி இருக்கும், அவ்வளவு தட்டை. இப்பத்தான் முழுசா மடங்க மாட்டேங்குது. நானே செஞ்சது.

நீங்க ஈரோடா? நானும் டிக்கெட் ஈரோட்டுக்குத்தான் எடுத்திருக்கேன். நடுவுல ஊஞ்சலூர்ல எறங்கினாலும் எறங்குவேன். பாக்கலாம். போன வாரமும் பாக்கலாம்னுதான் வந்தேன்.

எம் பேரு நல்லசிவங்க. கரூர்ல ஒரு மில்லுல டைம் ஆபீஸ்ல இருந்தேன். ரிட்டயர்டு ஆனப்ப மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க. மத்தவங்க எத்தனை மணிக்கு வந்தாங்கன்னு ஆயுசு பூரா பாத்துட்டு இருந்தவனுக்குக் கடிகாரம். வீட்டுல பொழுது போகல. போன்ல ஒரு வெள்ளைக்காரன் வீடியோ போடுவான், காரு நிறுத்தற ஷெட்டுல மரவேலை செய்யற ஆளு. ஒரு வார்த்தை பேச மாட்டான், வேலை மட்டும் செய்வான். அதைப் பாத்துப் பாத்து எனக்கும் கை துறுதுறுன்னு வந்துருச்சு. எங்களுக்குக் காரும் இல்ல, ஷெட்டும் இல்ல. சமையக்கட்டுக்குப் பின்னாடி ஒரு ரூம் சும்மா கெடந்துச்சு. அதைப் பட்டறை ஆக்கிட்டேன்.

சும்மான்னா, வசந்தாமணி அதுல தையல் மிஷின் போட்டிருந்தா. வசந்தாமணி என் சம்சாரம். மத்தியானம் ஆனா அங்க உக்காந்து எதாவது தைப்பா, கீரை ஆயுவா, சித்த நேரம் கண்ணை மூடுவா. அவ்வளவுதான். மிஷினை நானே தூக்கிட்டுப் போயி மொட்டை மாடிப் படிக்குக் கீழ வெச்சுக் குடுத்தேன். சாரல் படாம பாலித்தீன் கவர் கூடப் போட்டேனுங்க. அதையெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க.

பட்டறைன்னா பெருசா ஒண்ணுமில்ல. ஒரு மேஜை, ரம்பம், இழைப்புளி, ட்ரில்லிங் மிஷின். எல்லாம் நின்னுக்கிட்டே செய்யற வேலை. எனக்கு மொழங்கால் ஆகாது. சரி, மொதல் வேலையா நம்ம உக்கார்றதுக்கு ஒரு ஸ்டூல் செய்வோம், வேலை முடிஞ்சதும் மடக்கி மாட்டிட்டா எடம் அடைக்காதுன்னு ஆரம்பிச்சேன். மரம் வெளிய வாங்கல. வீட்டுல ஒரு கட்டில் இருந்துச்சு. நல்ல தேக்கு. எங்க கல்யாணத்துல மாமனார் சீர் வெச்சது. பழசாயிருச்சு, பூச்சி அரிக்கற மாதிரி இருந்துச்சு. அரிக்கலைங்க, அரிக்கற மாதிரி. அறுத்துட்டேன். அறுத்தா உள்ள மரம் அப்படியே செவந்து கெடக்குது, ஒரு பூச்சி இல்ல. வசந்தாமணி வாசப்படியில நின்னு பாத்தா. 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்க'ன்னா. கேட்டா வேண்டாம்பா. வேண்டாம்னு சொல்றவகிட்ட எதுக்குங்க கேக்கறது?

ஸ்டூல் செய்யறதுல வித்தை ஒண்ணும் இல்ல. ரெண்டு கையையும் இப்படிக் குறுக்க வெச்சுப் பாருங்க. பெருக்கல் குறி மாதிரி வருதில்ல, அதுதான் காலு. ரெண்டு சட்டம், சந்திக்கற எடத்துல ஒரு போல்ட், மேல உக்காரப் பலகை. விரியறப்ப காலு ஒரு அளவுக்கு மேல போயிரக் கூடாதில்ல, அதுக்குக் குறுக்க ஒரு தடுப்புக்கட்டை வைக்கணும். வெள்ளைக்காரன் வெச்சான். நானும் வெச்சேன். வெச்சுட்டு மடக்கினா அந்தக் கட்டை இடிக்குது. செவுத்துல மாட்டினா துருத்திக்கிட்டு நிக்குது. பாக்கவே சகிக்கல. கழட்டிப் போட்டுட்டேன். போல்ட்டை நல்லா முடுக்கி விட்டா கட்டை எதுக்குன்னு எனக்கு ஒரு யோசனை. நிக்கவும் நின்னுச்சு. கையில அழுத்திப் பாத்தேன், அசையல. வார்னிஷ் அடிச்சேன். அந்தக் கட்டில் மரமா இதுன்னு கேக்கற மாதிரி பளபளன்னு ஆயிருச்சு.

மொதல்ல அதுல உக்காந்தது வசந்தாமணிதான். ஒரு நாள் நான் ஆணி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அவ பழைய பழக்கத்துல அந்த ரூமுக்கு வந்து, முருங்கைக்கீரையை மடியில போட்டுக்கிட்டு, ஸ்டூல் மேல சம்மணம் போட்டு உக்காந்திருக்கா. நம்ம ஊர்ல யாருங்க காலைத் தொங்கப் போட்டே உக்கார்றாங்க? நாற்காலியோ சோபாவோ, செருப்பைக் கழட்டினதும் காலு மேல ஏறிருது. அந்த முன்சீட்டு அம்மாவைப் பாருங்க. பஸ்ஸுலயே ஏத்தி மடிச்சிருக்கு. வெள்ளைக்காரன் வீட்டுல அப்படி இல்ல, அவன் உக்காந்தா காலு தரையிலயே இருக்கும், பாரம் நேரா எறங்கும். நம்ம காலை மேல தூக்கினா பாரம் ஒரு ஓரமாப் போகுது. சட்டம் வழுக்கிட்டு விரிஞ்சுருது. கீரையோட விழுந்துட்டா. தொடை ரெண்டு சட்டத்துக்கு நடுவுல மாட்டி நசுங்கி, கருநீலமாக் கன்னிப் போச்சு.

நான் வந்ததும் சொன்னா. 'ஏனுங்க, அது சறுக்குதுங்க'ன்னா. இது மணைப்பலகை இல்ல, உக்கார்ற மொறையில உக்காரணும்னேன். ஸ்டூலைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். நல்லவேளை, வார்னிஷ்ல கீறல் விழுகல.

இதுல என்ன கதைன்னு கேக்கறீங்க. வரேன்.

எங்களுக்கு ஒரே பொண்ணுங்க, பிரதீபா. எத்தனையோ ஜாதகம் வந்து எது எதுக்கோ தட்டிப் போயி, கடைசியில ஊஞ்சலூர்ல ஒரு எடம் அமைஞ்சுது. பையனை இவளுக்குப் புடிச்சுப் போச்சு. வாயைத் தொறந்து சொல்ல மாட்டா, ஆனா அந்த வீட்டுப் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிக் கண்ணாடியப் பாப்பா. பொண்ணு பாத்தாச்சு, பேசி முடிச்சாச்சு. கை நனைக்கறது மட்டும் பாக்கி. உங்க பக்கமும் உண்டுங்களா? ஆமாங்க, அதேதான். மொதல்ல வர்றப்ப காப்பியோட நிறுத்திக்குவாங்க. எல்லாம் ஒத்துப் போச்சுன்னா ஒரு நல்ல நாள்ல வந்து எலை போட்டு நம்ம வீட்டுல சாப்பிடுவாங்க. சோத்துல கை வெச்சுட்டா அதுக்கப்பறம் பேச்சு மாறாது. கை வெக்காம எந்திரிச்சுட்டாங்கன்னா போச்சு. பொண்ணு பேருதான் கெட்டுப் போகும். எங்கிட்ட என்ன கொறைன்னு அவ ஒரு நாளைக்கு நூறு தடவை யோசிப்பா.

அன்னிக்குக் காலையில வசந்தாமணி பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வடைக்கு ஆட்டிட்டு இருந்தா. 'எல்லாம் நான் பாத்துக்கறேன், அந்த ஸ்டூலை மட்டும் உள்ள வெச்சுருங்க'ன்னா. சரின்னேன். சரின்னு சொல்லிட்டு ஹால்ல டிவிக்குப் பக்கத்துல விரிச்சு வெச்சேன். பாக்கட்டுமேன்னுதான். உக்கார வைக்கணும்னு இல்ல.

மாப்ளை வீட்டு ஒரம்பரை சனமெல்லாம் வந்தாங்க. மாப்ளைக்கு அப்பா முத்துக்குமாரசாமி. உரக்கடை வெச்சிருக்காரு. கனத்த சரீரம், ஆனா வெகு தங்கமான மனுசன். அவரு அக்கா பாவாயம்மா. அந்த வீட்டுல அந்தம்மா தலையாட்டினாத்தான் எதுவும் நடக்கும். எல்லாரும் சோபாவுல உக்காந்தாங்க, மழையப் பத்திப் பேசினாங்க, கரூர் வெயிலைப் பத்திப் பேசினாங்க. ஸ்டூலை ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கல. எனக்கு இருப்புக் கொள்ளலைங்க. நானா எந்திரிச்சுப் போயி அதை ரெண்டு தடவை நகத்தி வெச்சேன். அப்பவும் யாரும் கேக்கல. கடைசியில வாய் விட்டே சொல்லிட்டேன், சம்மந்தி, இது நான் செஞ்சதுங்கன்னு.

'அட, கடையில வாங்கின மாதிரி இருக்குதுங்களே'ன்னு அவரு எந்திரிச்சு வந்தாரு. தடவிப் பாத்தாரு. மடக்கிக் காட்டினேன், விரிச்சுக் காட்டினேன். உக்காந்து பாருங்கன்னேன். ஆமாங்க, நாந்தான் சொன்னேன். உக்காந்தாரு. காலு ரெண்டும் தரையில. நல்லா நின்னுச்சு. எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. வசந்தாமணி தண்ணிச் சொம்போட சமையக்கட்டு வாசல்ல நின்னு கண்ணால எங்கிட்ட என்னமோ சொல்றா. தெரியாத மாதிரி திரும்பிக்கிட்டேன்.

அப்பறம் பேச்சு மஞ்சள் வெளைச்சல் பக்கம் போச்சு. மனுசன் பேச்சு சுவாரசியத்துல ஒரு காலை மேல ஏத்தினாரு. நான் பாத்தேன். பாத்தும் சொல்லல. சொன்னா ஸ்டூலுக்குக் கொறைன்னு ஆயிருமில்லைங்களா? இன்னொரு காலையும் ஏத்தறதுக்குப் பலகைக்கு அடியில கையைக் குடுத்து ஊனினாரு. ஒரே சறுக்கு. ஆளு கீழ, கை சட்டத்துக்கு நடுவுல. வலது கைங்க. சாப்பிடற கை.

எல்லாரும் சேந்து தூக்கினோம். ஆள்காட்டி வெரல் நகம் பேந்து ரத்தமா வருது. அவரு 'ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல'ன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொல்றாரு. பாவாயம்மா எந்திரிச்சு நின்னாங்க. 'கை நனைக்க வந்த எடத்துல கையில ரத்தமா? எந்திரிடா குமாரு, போலாம். எனக்கு மனசு சரிப்படல'ன்னாங்க. எலை போட்டுத் தண்ணி தெளிச்சு வெச்சிருக்குது. உள் ரூம்ல பிரதீபா கதவை ஒருக்களிச்சு வெச்சு நிக்கறா. அவ மூஞ்சி எனக்குத் தெரிஞ்சுது. இப்பவும் கண்ண மூடினா அந்த மூஞ்சிதான் வருது.

வசந்தாமணிதான் வந்தா. வந்து உக்காந்து, அவரு கையைக் கழுவி, மஞ்சள் வெச்சு, புதுத் துண்டைக் கிழிச்சுக் கட்டினா. கட்டிக்கிட்டே சொல்றா. 'என் தப்புங்கண்ணா. அவரு குறுக்க ஒரு தடுப்புக்கட்டை வெச்சுத்தான் செஞ்சிருந்தாரு. காலையில தொடைக்கறப்ப நாந்தான் கழட்டி வெச்சேன். வேலை மும்முரத்துல திருப்பி மாட்ட மறந்துட்டேன். சகுனமெல்லாம் ஒண்ணுமில்லைங்க. என் மறதி, அவ்வளவுதான்.'

அதைக் கேட்டப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுங்களா? அட, இவளுக்குத் தடுப்புக்கட்டையைப் பத்தியெல்லாம் தெரிஞ்சிருக்குதேன்னுதான் தோணுச்சு. நான் கழட்டிப் போட்டதை மரத்தூளோட கூட்டறப்ப எடுத்து வெச்சிருப்பா போல.

அதோட நான் சும்மா இருந்திருக்கணும். சும்மா இருந்திருந்தாக் கூடப் போதுங்க. நான் என்ன செஞ்சேன்னா, எல்லாரும் பாக்கறாங்க, கட்டை வெச்சவன் நானு, கழட்டினது வசந்தாமணின்னு ஆயிருச்சு, அப்ப வீட்டுக்காரன் கோவப்படணுமில்ல? கோவப்பட்டேன். 'உனக்கு எத்தனை தடவை சொல்றது, என் சாமானைத் தொடாதேன்னு. அறிவிருக்குதா? பொண்ணு வாழ்க்கையில வெளையாடறியா'ன்னு கத்திட்டேன். நல்ல சத்தமா. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டு அந்தத் துணிய முடிச்சுப் போட்டுட்டு இருந்தா. அவரு கை அவ கையில இருக்குது. நிமிந்து எம் மூஞ்சிய ஒரு தடவை பாத்தா. மறுபடி குனிஞ்சுக்கிட்டா.

நான் திட்டினதும் அவங்களுக்கு நம்பிக்கை வந்துருச்சுங்க. 'விடுங்க சம்மந்தி, வேலைப் பதட்டத்துல மறக்கறதுதான்'னு அவரே எனக்குச் சமாதானம் சொன்னாரு. பாவாயம்மாவும் எறங்கி வந்துட்டாங்க. 'ஏம் புள்ளை, இப்படியா கவனமில்லாம இருப்ப'ன்னு நாலு வார்த்தை இவளைச் சொன்னாங்க, சொல்லிட்டு எலையில உக்காந்துட்டாங்க. அவருக்கு அவரு சம்சாரம் பெசஞ்சு ஊட்டி விட்டாங்க. பொம்பளைங்க எல்லாம் சிரிச்சு, ஒரே கேலி. வடைய வசந்தாமணிதான் பரிமாறினா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. அன்னிக்குப் படுக்கறப்ப, நான் போட்ட சத்தமும் நல்லதுக்குத்தான் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். அவகிட்டயும் சொன்னேன். 'ஆமாங்க'ன்னா.

யாருங்க அது? அந்தக் கூடைக்காரம்மாவா? ஆமா, கரூர்ல இருந்து நின்னுக்கிட்டேதான் வருது. இந்த ஸ்டூலை விரிச்சுப் போடவா? அது வேண்டாங்க. பஸ்ஸு ஆடும். இல்ல, இப்ப கட்டை வெச்சாச்சு. கெட்டியாத்தான் இருக்குது. இருந்தாலும் வேண்டாங்க.

கல்யாணம் ஆவணியில ஆச்சு. அதுக்கு நடுவுல எத்தனை வாட்டி அந்த வீட்டோட போக்குவரத்து, பாத்துக்குங்க. போற எடமெல்லாம் இதே பேச்சு. இவ காப்பி குடுத்தா 'டம்ளர் நல்லா இருக்குதா பாத்து வாங்குங்க'ம்பாங்க. நாற்காலி போட்டா ஆட்டிப் பாத்துட்டுத்தான் உக்காருவாங்க. கேலிதான், கெட்ட மனசு இல்ல. மணவறையில மணையப் போடறப்ப பாவாயம்மா, 'வசந்தாமணி, இதுல எதையும் கழட்டி வெக்கலியே'ன்னாங்க. மண்டபமே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். சிரிக்கலைன்னா சந்தேகம் வருமில்லைங்களா? சிரிச்சதோட விட்டிருக்கலாம். 'நான் ஒருக்காப் பாத்துட்டேனுங்க, இவளை நம்பி விடல'ன்னேன். அதுக்கு இன்னும் பெருசாச் சிரிச்சாங்க. வசந்தாமணி தட்டைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னா.

அப்பறம் பிரதீபா. அவ அங்க ஒரு சாவியை எங்கயோ வெச்சுட்டுத் தேடினா, 'அம்மா புத்தி பொண்ணுக்கு'ன்னு சொல்றாங்களாம். ஒரு நாள் போன் பண்ணி அம்மாவைப் புடிச்சு அழுகறா. 'உன்னாலதாம்மா எனக்கு இந்தப் பேச்சு. ஒரு கட்டையைத் திருப்பி மாட்ட முடியாதா உனக்கு'ன்னு. போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நான் பக்கத்துல பேப்பர் படிச்சுட்டு இருக்கேன். வசந்தாமணி என்னையே பாக்கறா. நான் பேப்பரைத் திருப்பினேன். அவ போன்ல, 'ஆமா கண்ணு, என் தப்புதான்'னா. வெச்சுட்டா.

அடுத்த நாள் ஈரோட்டுல தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு கெளம்பினா. சண்டை இல்ல, சத்தம் இல்ல. எனக்கு மாத்திரை எல்லாம் எடுத்து வெச்சுட்டு, இட்லி மாவு ஆட்டி வெச்சுட்டுத்தான் போனா. ஒரு வாரத்துல வந்துருவான்னு இருந்தேன். சாயங்காலம் பட்டறைக்குள்ள போனா, மேஜை மேல அந்தத் தடுப்புக்கட்டை இருக்குது. தூசி தொடைச்சு, நடுவுல, தனியா வெச்சிருக்குது.

இப்ப தீபாவளி வந்துருச்சு. தலைதீபாவளிங்க. பொண்ணும் மாப்ளையும் வரணும். அதுக்கு நானும் அவளும் ஜோடியாப் போயி, தட்டு வெச்சு, சம்மந்தி வீட்டுல அழைக்கணும். போன் பண்ணிக் கூப்பிட்டேன். என்ன சொல்றா தெரியுங்களா? 'மொதல்ல நீங்க தனியாப் போங்க. அந்தக் கட்டையக் கழட்டினது யாருன்னு அந்த அண்ணங்கிட்டச் சொல்லிட்டு வாங்க. அப்பறம் நான் வந்து தட்டு புடிக்கறேன்.' வேற எதுவும் கேக்கல. கட்டிலைக் கேக்கல, ரூமைக் கேக்கல. நான் கூடச் சொன்னேன், உனக்கு வேற என்ன வேணும்னாலும் கேளு, செய்யறேன்னு. போனை வெச்சுட்டா.

அதைப் போயி எப்படிங்க சொல்றது? கல்யாணம் முடிஞ்சுருச்சு, நல்லா இருக்குதுங்க ரெண்டும். இனிமே போயி, சம்மந்தி, கழட்டினது நானுன்னா, அந்த மனுசன் என்ன நெனைப்பாரு? கட்டையக் கழட்டினதைக் கூடச் சொல்லிரலாம். 'அப்ப எதுக்குங்க அன்னிக்கு அந்தம்மாவை அத்தனை பேரு முன்னால அப்படித் திட்டினீங்க'ன்னு கேட்டா? அதுக்கு என்ன பதில் இருக்குது எங்கிட்ட? கேவலமா இருக்குதுங்க.

போன வாரம் வந்தேன். ஊஞ்சலூர்ல பஸ் நின்னுச்சு. ஸ்டாப்புக்கு எதிர்லயே அவரு கடை. எந்திரிச்சேன். மறுபடி உக்காந்துட்டேன். ஈரோடு வரைக்கும் போயி, பஸ் ஸ்டாண்டுல ஒரு டீயைக் குடிச்சுட்டு, அதே பஸ்ஸுல திரும்பி வந்துட்டேன். அவளையும் பாக்கல.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். சரி, ஸ்டூலைச் சரி பண்ணுவோம், அவ கையில கொண்டு போயிக் குடுப்போம்னு. அதான் அந்தக் கட்டையை எடுத்து மாட்டியிருக்கேன். ஒழுங்கா முடுக்கியிருக்கேன். அவ ஒரு தடவை சம்மணம் போட்டு உக்காந்து பாத்தான்னா மனசு ஆறிரும்னு ஒரு நெனப்பு. என்ன தம்பி, அப்படிப் பாக்கறீங்க? ஆறாதுங்களா?

நானா? உக்காந்து பாத்தேனான்னா... நெசத்தைச் சொல்றேன். இன்னிக்கு வரைக்கும் நான் அதுல முழுசா உக்காந்ததில்லைங்க. காலை ஊனிக்கிட்டு, பாதி உக்காந்த மாதிரி. மொதல்ல இருந்தே அப்படித்தான். எனக்கு அது சறுக்கும்னு தெரியும் போல. தெரிஞ்சுதான் அவரை உக்கார வெச்சேன் போல. இதை நான் இதுவரைக்கும் எங்கிட்டயே சொல்லிக்கிட்டதில்ல.

ஊஞ்சலூரா அது? வந்துருச்சா? தம்பி, ஒரு ஒத்தாசை. ஜன்னல் பக்கம் நீங்கதான் இருக்கறீங்க. எதிர்ல பச்சை போர்டு போட்ட உரக்கடை. வாசல்ல யாராவது இருக்காங்களா பாருங்க. நான் சித்த குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணிக்கறேன். வெள்ளைச் சட்டை, கனத்த ஆளா? அவருதான். என்ன செய்யறாரு? உக்காந்திருக்காரா. எதுல? பிளாஸ்டிக் நாற்காலியா. காலை எப்படி வெச்சிருக்காரு, மேல ஏத்தியா, தொங்கப் போட்டா?

தொங்கப் போட்டுத்தானா. நல்லாப் பாருங்க. ரெண்டு காலும் தரையிலயா?

அந்த மனுசன் அப்படி உக்கார்ற ஆளே இல்லைங்க.

கெளம்பிருச்சா? ஆளுக ஏறிட்டாங்களா? நிமிரலாமா? சரி. போச்சு. இன்னிக்கும் போச்சு.

தம்பி, உங்களை ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இப்ப உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒண்ணும் ஒளிக்கல. இவ்வளவு முழுசா யாருகிட்டயும் சொன்னதில்ல. ஒருத்தருகிட்டச் சொல்லிட்டேன், நம்பும்மான்னு அவகிட்டச் சொன்னா, அது பொய் ஆகாதில்லைங்களா? ஊஞ்சலூர்ல வெச்சுத்தானே சொன்னேன். பஸ்ஸு ஊஞ்சலூர்லதானே நின்னுச்சு.

எம் மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க.

அவளும் இப்படித்தான். கத்தினாத் தேவலை. நிமிந்து ஒரு தடவை பாப்பா, அவ்வளவுதான்.

கண்டக்டர். அய்யா, கண்டக்டர். அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கறேன். ஈரோட்டு டிக்கெட்டுதான், பரவால்ல. ஆமாப்பா, தெரியும், ஊஞ்சலூர் தாண்டிருச்சு. திரும்பி நடந்துக்கறேன்.

எந்திரிக்கறேன் தம்பி, காலை ஒதுக்கிக்குங்க. இது மறுபடி உங்க முட்டியில இடிக்கப் போகுது. இல்லைங்க, இதை வெச்சுட்டுப் போகல, எடுத்துட்டுத்தான் போறேன். அவரு கடை வாசல்ல விரிச்சுப் போட்டு மொதல்ல நான் உக்கார்றேன். ரெண்டு காலையும் மேல ஏத்தி. விழுந்தா விழுகட்டும், உக்காந்துக்கிட்டே சொல்லிர்றேன். நடக்கறப்ப மனசு மாறாம இருக்கணும்.

ஏம்மா, கூடைக்காரம்மா. இங்க வந்து உக்காருங்க. நல்லா சம்மணம் போட்டே உக்காருங்க. இது மடங்காது.